கம்ப்யூட்டர் என்று சொல்லித்தான் பஸ் ஏறினோம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். மார்க் குறைந்திருந்தால் பிரச்சினையே இல்லை. காரைக்காலில் ஏதாவது ஒரு கல்லூரி, ஏதாவது ஒரு பட்டம் என்று விட்டிருப்பார்கள். என் கெட்ட நேரம், நல்ல மார்க் வந்து தொலைத்தது. அன்று மத்தியானமே மாமா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. காரைக்காலில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. இரண்டு குடும்பத்திலும் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான் என்பதால் எங்கள் வீட்டில் எதற்கும் அவரைக் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார்கள். மனிதர் செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான். வேற பேச்சே கெடையாது அத்தான்."

அப்பா தலையாட்டினார். மாமா என்ன சொன்னாலும் அப்பா தலையாட்டுவார். எனக்கோ எரிச்சலாக வந்தது. மாமாவின் ஆபீஸிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, நானே பார்த்திருக்கிறேன். தூசி படாமல் துணி போர்த்தி மூலையில் வைத்திருந்தார்கள். மாமா ஒருநாளும் அதைத் தொட்டது கிடையாது.

எனக்கு விவசாயம் படிக்க ஆசை. பெரிய லட்சியமெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு விவசாயக் கல்லூரி இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸிலிருந்து அதன் வயல்களைத் தினமும் பார்ப்பேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண்கள் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து நாற்றை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருப்பார்கள். எங்கள் வயலில் யாரும் நாற்றை அளந்து நான் பார்த்ததில்லை. அப்படி என்னதான் அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். பிசிக்ஸ் பிடிக்காது என்பதும் ஒரு காரணம். அதை நான் வெளியே விடவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் மெதுவாக ஆரம்பித்தேன். அப்பா பிசைந்த சோறோடு நிமிர்ந்தார்.

"என்னாது?"

"பி.எஸ்ஸி. அக்ரிப்பா. விவசாயம்."

"வெவசாயத்தப் பண்ணவே நாதியில்லாமக் கெடக்கு. இதுல அத நாலு வருசம் ஒக்காந்து படிக்கப் போறியாக்கும்? கேட்டா ஊரு வாயால சிரிக்காது."

அம்மா அடுப்படியிலிருந்தே எட்டிப் பார்த்தாள். "நாத்து புடுங்க டிகிரி எதுக்குடி? வா, காலையில நானே சொல்லித் தர்றேன்."

அப்பாவுக்கு எங்கள் ஊர் குரும்பகரத்தில் கொஞ்சம் நிலம். கடைமடை. காவிரித் தண்ணீர் எல்லா ஊரும் குடித்தது போக மிச்சமிருந்தால் எங்களுக்கு வரும். அந்த வருஷங்களில் மிச்சமே இல்லை. அப்பா காலையில் எழுந்ததும் போய் வாய்க்காலைப் பார்ப்பார். திரும்பி வந்து என்னைப் பார்ப்பார். வாய்க்காலைத் திட்ட முடியாததால் என்னைத் திட்டுவார். "அக்ரியாம் அக்ரி" என்று மாட்டிடம்கூட சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் சான்றிதழ் வேறு. புதுச்சேரியில் நடக்கும் கவுன்சிலிங்கில் சீட்டு வேண்டுமென்றால் நாங்கள் புதுச்சேரி மாநிலத்துக்காரர்கள்தான் என்று நிரூபிக்க வேண்டும். அப்பாவும் அவர் அப்பாவும் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். நான் மட்டும் பிறந்தது அம்மாவின் ஊரில், நாகப்பட்டினம் பக்கம். காரைக்காலில் பஸ் ஏறி சில்லறை பொறுக்கி டிக்கெட் எடுப்பதற்குள் தமிழ்நாடு வந்துவிடும், அவ்வளவு பக்கம். ஆனால் தாலுகா அலுவலகத்தில் இருந்தவர் என் பிறப்புச் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பாப்பா வெளிமாநிலத்துலல்ல பொறந்திருக்கு?"

அம்மாவுக்கு வந்ததே கோபம். "தலப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவாம தாசில்தார் வீட்டுக்கா சார் போவாங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை, நாளைக்கு வாங்க என்றார். நாளைக்குப் போனால் அவர் லீவு. அதற்கடுத்த முறை போனபோது ரேஷன் கார்டு கேட்டார், கொடுத்தால் பள்ளிக்கூடத்தில் எழுதி வாங்கி வரச் சொன்னார். அம்மா வழியெல்லாம் என்னையே வைதாள், நான் என்னவோ பார்த்துப் பார்த்து நாகப்பட்டினத்தில் பிறந்தது மாதிரி. கடைசியில் மாமா வந்து ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் சான்றிதழ் கைக்கு வந்தது. அதோடு மாமாவின் குரல் இன்னும் கூடிவிட்டது.

நான் சும்மா விடவில்லை. சாப்பிட மாட்டேன் என்றேன், ஒரு வேளைகூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பேச மாட்டேன் என்றேன், யாருக்கும் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன்.

"ஒன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். இந்தச் சேறு என்னோட போவட்டும்."

இதற்கு என்னத்தைச் சொல்வது? "சரிப்பா, கம்ப்யூட்டரே எடுத்துக்கறேன்" என்றேன். அம்மா உடனே கேசரி கிண்டினாள்.

கவுன்சிலிங் அன்றைக்கு இருட்டோடு கிளம்பினோம். எங்கள் மாநிலத்தின் தலைநகருக்குப் போக வழி முழுக்க இன்னொரு மாநிலத்தைத் தாண்ட வேண்டும். அப்பா சலவை வேட்டி கட்டியிருந்தார். தரங்கம்பாடி தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"கேட்டா என்னா சொல்லுவ?"

"கம்ப்யூட்டர் சயின்ஸ்."

சீர்காழியில் ஒருதரம் கேட்டார். சிதம்பரத்தில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் கேட்டார். கடலூர் வருவதற்குள் முன் சீட்டுக்காரருக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். "தெரியும்ப்பா, விடுங்களேன்" என்று எரிந்து விழுந்தேன். அப்பா வாயை மூடிக்கொண்டார். ஆனால் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார் பாவம்.

மண்டபத்தில் கசகசவென்று கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் பெற்றோரோடு மேஜைக்குப் போனார்கள். எங்கள் முறை வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி. காலையிலிருந்து பேசிப் பேசி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என் சான்றிதழ்களைப் புரட்டினார்.

"அப்பா என்ன பண்றாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

"சும்மாதாங்க இருக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரா சும்மா இருக்கிறார்? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு விடியுமுன் போகிறவர், காய்ந்த வரப்புக்குக்கூட மண் அணைத்து வைக்கிறவர், இந்தக் கண்ணாடிக்காரர் முன்னால் தன் வேலையைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். இதற்காகத்தானே என்னையும் அந்தப் பக்கம் போகாதே என்று ஒரு மாதமாகப் பாடாய்ப் படுத்தினார்!

"விவசாயம் சார்" என்றேன்.

"என்னம்மா?"

"விவசாயம் சார், விவசாயம்!" என்று கத்தியே விட்டேன்.

"காது கேக்குதும்மா. அக்ரிதானே? சீட்டு இருக்கு" என்று சொல்லி அவர் பாட்டுக்குக் கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தார்.

அப்பா பதறிப்போய் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "அய்யய்யோ, இல்லைங்க. அது என் தொழிலச் சொல்லுது. புள்ளைக்கிக் கம்ப்யூட்டருங்க."

அதிகாரி அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்தார். "நீங்களா படிக்கப் போறீங்க? பொண்ணு சொல்லட்டுங்க. சொல்லும்மா, பின்னால ஆளு நிக்குது."

ஒரே ஒரு வார்த்தை. காரைக்காலிலிருந்து சொல்லிப் பழகிய வார்த்தை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் 'சும்மா' காதைவிட்டுப் போகவில்லை.

"அக்ரியே போடுங்க சார்."

போட்டுவிட்டார். கையெழுத்து வாங்கினார். சீட்டுத் தாளைக் கையில் கொடுத்தார். அப்பா கையெழுத்துப் போட்ட கையோடு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வெளிவாசலுக்கு வந்ததும் திரும்பினார்.

"அவரு என்னையத்தானே கேட்டாரு? நீ ஏன் குறுக்க பூந்த?"

"நீங்க ஏன் பொய் சொன்னீங்க? விவசாயம்னு சொல்ல அவ்வளவு வெக்கமா?"

"பொய்யா?"

அப்பா என்னைப் புரியாமல் பார்த்தார். வெட்கமோ கோபமோ ஒன்றும் அந்த முகத்தில் இல்லை.

"போன வருசம் குறுவ போட்டேனா? அதுக்கு மொத வருசம் போட்டேனா? இந்த வருசம் இன்னும் நாத்தங்காலே நனையல. பொழுதன்னிக்கும் வாய்க்காலப் பாத்துட்டுப் பாத்துட்டு வர்றேன். சும்மாதானே புள்ள இருக்கேன்? வேற என்னான்னு சொல்லச் சொல்ற அவருகிட்ட?"

நாலு வருஷம் விவசாயம் படிப்பதற்குச் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே நின்றேன்.