ஏழாம் எண்ணின் ஐந்தாவது ஃபவுல்

எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணி தோற்றால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு அந்த ஆட்டத்தில் பைத்தியம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடியிருக்கிறேன். விருதுநகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, நான் வேலை பார்த்த மிஷன் பள்ளியின் மைதானத்தில் அந்த இரண்டு இரும்பு வளையங்களைப் பார்த்தபோது, பிறந்த வீட்டு ஆளைப் பார்த்தது போல இருந்தது.

அந்த வளையங்களை நட்டவர் ஓர் அமெரிக்கப் பாதிரியார். சில வருடங்கள் இருந்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். ஒரு வழக்கத்தையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். ஃபவுல் என்று நடுவர் விசில் ஊதினால், செய்தவன் தானே கையை நேராக மேலே தூக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறவர் அந்தக் கையைப் பார்த்து, அவன் எண்ணுக்கு எதிரே குறித்துக்கொள்வார். ஒருவனுக்கு ஐந்து சேர்ந்தால் மேசையிலிருந்து சிவப்புக் கொடி உயரும். அவன் வெளியேற வேண்டும்.

ஆடுகிறவனுக்குத்தான் அந்த வழக்கம். பார்க்கிற எங்களுக்குக் கிடையாது. தோற்ற நாளில் எங்களுக்கு நடுவர் குருடு, வெயில் கண்ணில் அடித்தது, தரையில் மண் தூவிவிட்டார்கள். ஜெயித்த நாளில் அதே நடுவர் தங்கமான மனுஷர். நம்ம பயல்களை நாமே விட்டுக்கொடுப்பதா என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்த பெண்களிடம் வாதாடியிருக்கிறேன். விசுவாசம் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

என் கொழுந்தன், என் கணவரின் தம்பி, எங்கள் அணியில் ஏழாம் எண். பெற்றவர்கள் இல்லாததால் எங்களோடுதான் இருந்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருடம் வேலை இல்லாமல் இருந்தான். காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அவன் முற்றத்தில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருப்பான். போக இடமில்லாதவன் தினமும் செருப்பைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே படியிறங்குவது எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அணியை நடத்தியவர் ஒரு பருப்பு மில் முதலாளி. அந்த வருடம் சிவகாசி வெடிக் கம்பெனி அணியோடு இறுதி ஆட்டம். ஜெயித்தால் இரண்டு பேரை மில் ஆபீசில் எடுத்துக்கொள்கிறேன், திங்கட்கிழமையே ஆர்டர் தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். இரண்டில் ஒருவன் ஏழாம் எண் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள், ஸ்கோர் எழுதுகிறவருக்கு மஞ்சள் காமாலை என்று எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர் என்னிடம் வந்தார். போட்டியை நடத்துகிற செயலாளர் அவர்தான். என் கொழுந்தன் ஆடுகிறானே என்று சொன்னேன். அதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டு, "டீச்சர் எழுதுனா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாக" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. அதனால் ஒத்துக்கொண்டேன்.

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போய்விட்டார். என் கணவருக்கு ரயில்வே கூட்ஸ் ஆபீசில் வேலை நேரம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே மேசையில் உட்கார்ந்தேன். என் வலப்பக்கம் நேரம் பார்ப்பதற்காக எங்கள் ஊர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கடிகாரத்தோடு இருந்தார்.

முதல் பாதி சரியாகத்தான் போயிற்று. இரண்டாம் பாதியில் கொழுந்தனுக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டது. நானே குறித்தேன். இன்னொன்று வந்தால் அவன் வெளியே. அவன் இல்லாமல் எங்களால் ஜெயிக்க முடியாது.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். எங்கள் வளையத்தின் அடியில் நாலைந்து பேர் மோதி விழுந்தார்கள். அதே நேரம் மகள் மேசையிலிருந்த சிவப்புக் கொடியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். சாயம் அவள் உதட்டில் இறங்கியதைப் பார்த்துப் பதறி, கொடியைப் பிடுங்கி, விரலை விட்டு வாயைத் துடைத்தேன். விசில் கேட்டது. நிமிர்ந்தேன். ஒரு கை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே எங்கள் ஏழும் நின்றது, பத்தும் நின்றது. நடுவரும் விரல்களால் எண்ணைக் காட்டி முடித்துத் திரும்பியிருந்தார்.

யார் என்று ஜவுளிக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"பத்து, டீச்சர்."

பத்துக்கு எதிரே கோடு போட்டேன்.

ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நடுவரைக் கேட்டிருக்கலாம். அதற்குத்தான் என் முன்னால் மணி வைத்திருந்தார்கள். நான் மணியைத் தொடவில்லை. பத்து என்றதை அத்தனை சீக்கிரம் ஏன் நம்பினேன்? அது ஏழாக இருக்கக் கூடாது என்று ஏற்கெனவே நினைத்திருந்தேனா? இந்தக் கேள்வியைப் பாத்திரம் துலக்கும்போதும், கரும்பலகையில் எழுதும்போதும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் இல்லை என்று வரும். மறுநாள் ஆமாம் என்று வரும்.

கடைசி நிமிஷத்தில் கொழுந்தன் தூரத்திலிருந்து எறிந்த பந்து வளையத்தில் விழுந்தது. ஒரு புள்ளியில் ஜெயித்தோம். கூட்டம் உள்ளே பாய்ந்தது. "ஏலே, சிவகாசி வெடி நமுத்துப் போச்சுலே" என்று யாரோ கத்த, மைதானம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

சிவகாசி கேப்டன் வியர்வையோடு மேசைக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். கோபமில்லாமல்தான் கேட்டார்.

"ஏழாம் நம்பருக்கு அஞ்சு ஆச்சுன்னு நினைக்கேன், டீச்சர். செத்தப் பாக்கீகளா?"

தாளை அவர் பக்கம் திருப்பினேன். ஏழுக்கு எதிரே நான்கு கோடுகள். அவர் அதைப் பார்த்தார். என் மடியில் உதடு சிவந்து உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்தார்.

"டீச்சர் எழுதியிருக்கீக. எங்கண்ணுதான் தப்பாப் பாத்திருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் கொழுந்தனுக்கு முட்டை வறுத்துப் போட்டேன். அவன் பாதிச் சாப்பாட்டில் நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மதினி, நீங்க அந்தக் கொடியத் தூக்காம இருந்தீகளே. அத நான் மறக்க மாட்டேன்."

அது நீதானா என்று கேட்டேன்.

"நான்தான். கையத் தூக்கிக்கிட்டு மேசையப் பாத்தேன். கொடி வரல. நீங்களா பாத்து விட்டுட்டீகன்னு நினைச்சேன்."

பார்க்கவே இல்லை, குழந்தை கொடியைத் தின்றுகொண்டிருந்தது என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. ரொம்ப மரியாதையாகச் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்புதான் தாங்க முடியவில்லை. என்னைத் தனக்காகப் பொய் எழுதியவளாக நினைத்து, அதற்காகவே என்னிடம் பிரியமாக இருந்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மிஷன் கோயிலில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது எனக்கு வார்த்தை தடுமாறியது. ஆராதனை முடிந்ததும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டிரில் மாஸ்டர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ரெண்டு கேப்டனும் கையெழுத்துப் போட்டபிறகு முடிவை மாற்ற ரூல் இல்லை என்றார் அவர். கோப்பை கோப்பைதான். "அங்கன முடிஞ்சு போச்சு. நீங்களும் இத்தோட விட்டுருங்க, டீச்சர்."

விட்டிருக்கலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேப்டன் தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டு சிவகாசிக்கு லாரியில் போயிருந்தார். என் கையெழுத்தை நம்பியதால் அப்படிப் போனார். அவருக்கு ஒரு கடிதமாவது எழுத வேண்டும் என்று அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் தம்பியின் வேலை என்னாவது என்று கேட்டார். பிறகு, "எழுதக் கூடாதுன்னு சொல்லல. எழுதும்போது அவன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டு எழுது" என்றார்.

பார்த்தேன். அவனிடமே சொன்னேன். அவன் முகம் கறுத்துவிட்டது. "ஆர்டர் கைக்கு வரட்டும், மதினி. பெறகு எம்புட்டு வேணும்னாலும் எழுதுங்க."

நியாயமான பேச்சு. ஒரே ஒரு நாள். ஆனால் அவனுக்கு வேலை கிடைத்த பிறகு எழுதும் கடிதத்துக்கு என்ன அர்த்தம்? வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்பது போல இருக்கும். அப்படித்தான் அன்று நினைத்தேன். இப்போது நினைத்தால், ஒருநாள் பொறுத்திருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போகும் வழியில் கடிதத்தைப் பெட்டியில் போட்டேன். போட்ட பிறகு ஒரு நிமிஷம் பெட்டியின் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

தவறு என்னுடையது, என் கொழுந்தன் கையைத் தூக்கினான், பார்க்க வேண்டிய நான் பார்க்கவில்லை என்று தெளிவாக எழுதியிருந்தேன்.

அன்று முதலாளி வெளியூர் போய்விட்டதால் ஆர்டர் தள்ளிப்போயிற்று. அதற்குள் சிவகாசியில் கடிதம் கைமாறி, செய்தி எங்கள் கடைவீதிக்கு வந்துவிட்டது. வந்த செய்தியில் கொழுந்தன் கையைத் தூக்கினான் என்ற வரி மட்டும் இல்லை. முதலாளி பத்தாம் எண்ணையும் இன்னொருவனையும் எடுத்துக்கொண்டார். கொழுந்தனைக் கூப்பிட்டு, கோப்பைக்குக் கறை வந்துவிட்டது, ஒன் வீட்டு ஆளே ஒன்ன விட்டுக்குடுக்கும்போது நான் என்ன செய்ய என்று கேட்டாராம். மளிகைக்கடையில் ஒரு பெண் என் காதுபடவே, டீச்சருக்குப் பொறந்த ஊரு சிவகாசியோ என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சாத்தூர். சொல்லவில்லை. நேற்று வரை நானும் அப்படிப் பேசிய கூட்டத்தில்தான் இருந்தேன்.

கொழுந்தன் என்னைத் திட்டவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். தண்ணீர் வேண்டுமென்றால் என் காதில் விழும்படி குழந்தையிடம் கேட்பான்.

மூன்று வாரம் கழித்துச் சிவகாசி கேப்டனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "உங்கள் கொழுந்தனார் கை தூக்கியதை நானும் பார்த்தேன். அதனால்தான் மேசைக்கு வந்து கேட்டேன். எம். புதுப்பட்டியில் எங்கள் கம்பெனி ஆபீசில் ஓர் இடம் இருக்கிறது. அவர் எங்கள் அணியிலும் ஆட வேண்டியிருக்கும்" என்று எழுதியிருந்தார்.

கார்டைப் படித்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. புதுப்பட்டி என்றால் வெடிமருந்து கலக்கும் இடம். ஆபீஸ் தனியாகத்தானே இருக்கிறது என்று கணவர் சொன்னார். எத்தனை அடி தள்ளி என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கொழுந்தன் மறுபேச்சு இல்லாமல் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வந்து திங்கட்கிழமை காலை போவான். வந்தாலும் அண்ணனோடும் குழந்தையோடும்தான் பேச்சு.

அதற்கடுத்த வருடமும் இறுதி ஆட்டம் எங்கள் ஊருக்கும் சிவகாசிக்கும்தான். இந்தத் தடவை நான் மேசையில் இல்லை. பெண்கள் பக்கம் மகளோடு உட்கார்ந்திருந்தேன். கொழுந்தன் சிவகாசி பனியனில், அதே ஏழாம் எண். எங்கள் ஊர்க்காரர்கள் அவன் பந்தைத் தொட்டபோதெல்லாம் ஊளையிட்டார்கள். பக்கத்திலிருந்தவள் என் முழங்கையை இடித்தாள்.

"டீச்சர், இன்னைக்கு எந்தப் பக்கம் இருக்கீக?"

எனக்கே தெரியவில்லை. எங்கள் ஊர் பந்தை வளையத்தில் போட்டபோதெல்லாம் பழைய பழக்கத்தில் என் வாய் சத்தம் போட்டது. மடியில் இருந்த என் கை மட்டும் அவனுடைய ஃபவுல்களை எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. இடைவேளைக்குப் பிறகு மூன்று. நாலாவதுக்குக் கையைத் தூக்கியவன், மேசையைப் பார்த்துவிட்டு, பெண்கள் பக்கம் திரும்பினான். கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் நான்கு விரல்களைக் காட்டினேன். பக்கத்திலிருந்தவள் பார்த்துவிட்டாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் தலையை அசைத்தான்.

சிவகாசி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. முடிய இரண்டு நிமிஷம். எங்கள் பத்தாம் எண் வளையத்துக்கு எழும்பியபோது இவன் முழங்கை அவன் தோளில் பட்டது. விசில். இவன் கையைத் தூக்கினான். மேசையில் புதிதாக ஸ்கோர் எழுத வந்தவர் பேனாவை உதறிக்கொண்டிருந்தார். கொடி உயரவில்லை. அவருக்குக் கணக்குத் தெரியுமா, தப்பவிடப் போகிறாரா என்று மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்தன் கொடிக்குக் காத்திருக்கவில்லை. தூக்கிய கையை இறக்காமலே கோட்டைத் தாண்டி வெளியே நடந்து, பெஞ்சில் போய் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் கொடி உயர்ந்தது.

எங்கள் ஊர் ஜெயித்தது. என்னைச் சுற்றி எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். நான் எழவில்லை.

கம்பெனி லாரி கிளம்புவதற்கு முன் அவன் எங்கள் பக்கம் வந்தான். மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி என்னிடம் கொடுத்தான். "சனிக்கிழம வாரேன், மதினி" என்றான். ஒரு வருடத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

இப்போதும் புதுப்பட்டியில்தான் வேலை பார்க்கிறான். தீபாவளி சீசன் வந்துவிட்டால் வெடிவிபத்துச் செய்தி ஏதும் இருக்குமோ என்று சிவகாசிப் பக்கமிருந்து வருகிறவர்களின் முகத்தை நான் முதலில் பார்ப்பேன். சனிக்கிழமை மாலை பஸ் ஆமத்தூரில் பஞ்சராகி நின்ற ஒருநாள், ஒருமணி நேரம் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். அந்தக் கடிதத்தைப் போட்டது சரியா என்று அன்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகு கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. சோற்றை இறக்கிவிட்டு அவனுக்கு முட்டை வறுத்தேன்.