குரல் வந்தது, முகம் வரவில்லை

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். கொம்பியூட்டரில் படம் ஓடாத கதையை யார் வாசிக்கப் போகிறார்கள்? மழை விடவில்லை, பஸ்ஸும் வரவில்லை, எழுதுகிறேன்.

இலங்கையில் யுத்தம் முடியாத காலம். றத்தோட்டையில் என் கூட்டாளியின் அக்காவுக்குக் கட்டாரில் வேலை செய்யும் ஒருவரைப் பேசியிருந்தார்கள். அவருடைய ஸ்டூடியோ படத்தை அக்கா நம்பவில்லை.

"படத்துல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க. ஆளு பேசுறத, சிரிக்கிறதப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்."

மாப்பிள்ளையும் தன்னை வீடியோ எடுத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் பென் டிரைவில் கொடுத்தனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்மா பதில் கேட்டு வருவதாக இருந்தது.

கூட்டாளி வீட்டுக் கொம்பியூட்டரில் இருந்தது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். வைரஸ் தொல்லை தாங்காமல், இலவச சிடியில் நான் போட்டுக் கொடுத்தது. வீடியோவை அழுத்தினோம். குரல் வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

"அக்கா, மாப்பிள்ளைக்கு ரொம்ப வெக்கம் போல" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"கொரலு நல்லாத்தானே இருக்கு, போதாதா?" என்றார் அவர்களுடைய அப்பா.

"அப்ப ரேடியோவையே கட்டிக்கிறேன்" என்று அக்கா உள்ளே போய்விட்டார்.

படம் காட்டும் கோடெக் என்ற சின்ன மென்பொருளை அந்தச் சிடியில் சேர்ப்பதில்லை. சில நாடுகளில் உரிமைச் சிக்கலாம். நாமேதான் இறக்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் இணையம் இல்லை. மாத்தளையில் இணையம் உள்ள ஒரு கொமியூனிகேஷன் கடையில் ஒரு ஃபைலை இறக்கி வந்தேன். அது இன்னொன்றைக் கேட்டது. அதைக் கொண்டுவந்தால் மூன்றாவதைக் கேட்டது. கல்யாணம் சொல்லப் போன வீட்டில், "பெரியப்பாவுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்பார்களே, அந்த மாதிரி.

கடையிலேயே பார்க்கலாம் என்றால், பையன்கள் எட்டிப் பார்க்கும் இடத்திலா மாப்பிள்ளை பார்ப்பது என்று அப்பா மறுத்துவிட்டார்.

சனிக்கிழமை கொம்பியூட்டர் பெட்டியையே சாக்கில் கட்டி பஸ் ஏறினோம். செக் பொயிண்டில் இறக்கினார்கள். சாக்குக்குள் பெட்டியும் வயரும், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர்கள். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று கூட்டாளிதான் சிங்களத்தில் உள்ளதைச் சொன்னான். சிப்பாய் சாக்கை மறுபடி பார்த்தார்.

"மாப்பிள்ளை இதுக்குள்ளேயா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தார். போகச் சொன்னார்.

கடையில் இணைய வயரைச் செருகி, கோடெக்கை இறக்கச் சொன்னதும், இது சில நாடுகளில் தடைசெய்யப்பட்டது, உங்களுக்கு அனுமதி உண்டா என்று திரை கேட்டது.

"இங்கயும் செக் பொயிண்டாடா?" என்றான் கூட்டாளி. கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்று அழுத்தினேன். தேவையான எல்லாவற்றையும் அதுவே கூட்டிக்கொண்டு வந்து இறங்கியது.

வீட்டில் போட்டோம். முகம் வந்தது. பின்னால் கொடியில் யாரோ கட்டும் சாரம் காய்ந்துகொண்டிருந்தது. மனிதர் பாதியில் பேச்சை மறந்து, பக்கத்தில் யாரோ சொல்லிக்கொடுக்க, பல் தெரியச் சிரித்தார். அக்கா திரும்பவும் போடச் சொன்னார்.

"சரிப்பா, வரச் சொல்லுங்க" என்றார். அப்பா கதிரையில் சாய்ந்து விட்ட மூச்சு எங்களுக்கே கேட்டது.

"பார்த்தியா மச்சான், நான் இல்லேன்னா ஒங்க அக்காவுக்குக் கல்யாணமே இல்ல" என்றேன் கூட்டாளியிடம்.

"நீ அந்தச் சிடியப் போடாம இருந்திருந்தா, அக்கா போன வாரமே தலையாட்டியிருக்கும்டா."