சிம்னித் தீயை நம்பி வாங்கிய பங்குகள்

செம்பூரில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் சிம்னியும் அதன் உச்சியில் எரியும் தீயும் தெரியும். அந்த வருஷம் தீ வழக்கத்தைவிட உயரமாக எரிந்தது. கம்பெனிக்கு நல்ல காலம் என்று நானே முடிவுகட்டினேன். ஆண்டறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த வளையல்களை மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

"ஆபீஸ் போறவர், உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

அவற்றை விற்றுப் பங்குகள் வாங்கினேன். சில மாதங்களில் விலை பாதாளத்துக்குப் போயிற்று. அந்தக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

"என்ன சார் இது! தீ அவ்வளவு பெரிசா எரிஞ்சா உள்ளே மெஷின் கோளாறுன்னு அர்த்தம். விக்க வேண்டிய கேஸ் வீணா எரியுது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

சொன்ன நகையைப் போட முடியாமல் நிச்சயித்த கல்யாணம் நின்றது. இப்போதெல்லாம் அறிக்கையை முழுக்கப் படிக்காமல், தொழில் தெரிந்தவரைக் கேட்காமல் ஒரு பங்குகூட வாங்குவதில்லை. மகள் இதுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. இருட்டத் தொடங்கியதும் அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிடுகிறாள்.