ஸ்டேசன் றெஜினா அக்கா

டெல்சியின் அழைப்பு வந்தபோது நான் குசினியில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"சுகந்தி அக்கா, அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றாள்.

"ஓம்" என்றேன். பிறகு, "நீ காலமை ஏதும் சாப்பிட்டனியோ?" என்று கேட்டேன். அவள் சாப்பிடவில்லை என்றாள். நான் பின்னேரம் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டுத் திரும்பவும் கீரைக்குப் போனேன். ஒரு தண்டும் மிச்சமில்லாமல் ஆய்ந்து முடித்த பிறகுதான் எழுந்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்வரைக்கும் வரவில்லை.

றெஜினா என்று பெயரை மட்டும் சொன்னால் கொக்குவிலில் பலருக்கு விளங்காது. ஸ்டேசன் றெஜினா என்றால், எங்கள் ஒழுங்கை வீடுகளில் வளர்ந்து இப்போது ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்குக்கூட விளங்கும். கறுத்து மெலிந்த, வேகமாக நடக்கிற, மெதுவாகக் கதைக்கிற பெண். எங்கள் ஊர்ப் புகையிரத நிலையத்தின் டிக்கற் அறையில் இருபது வருடங்களுக்கு மேலாகக் குடித்தனம் நடத்தியவர். தூரத்தில் இருக்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு வளவின் பின்பக்கம் றெயில்பாதையைத் தொட்டது. பாதைக்கு அங்கால் எல்லாம் தோட்டக்காணி, வெங்காயமும் புகையிலையும். கோச்சி வருகிறதா என்று அறியத் தண்டவாளத்தில் காதை வைத்துப் படுத்து, அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். பிறகு சண்டை மூண்டது, கோச்சி நின்றது. சில மாதங்களில் வடக்குக் கரையிலிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்தது. பள்ளிக்கூடங்கள் நிறைந்துபோனதால் மிஞ்சியவர்கள் ஸ்டேசனுக்கு வந்தார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பிளாட்பாரம் முழுவதும் உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. டிக்கற் ஜன்னலுக்குள் ஒரு பூப்போட்ட சீலைத்துண்டு திரையாகத் தொங்கியது. அந்தத் திரையை விலக்கிக்கொண்டு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. நான் றெஜினா அக்காவை முதன்முதலில் கண்டது அப்போதுதான். மயிலிட்டிப் பக்கத்தவர். கலியாணம் முடித்து ஒரு வருடமும் ஆகவில்லை. கணவர் சூசை அண்ணை கடற்றொழிலாளி. வள்ளத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

எங்கள் ஊர் தோட்டக்காரர்களின் ஊர், சைவக்காரர்களின் ஊர்; வந்தவர்கள் கடலோரத்துக் கத்தோலிக்கர். "ஸ்டேசன் சனம்" என்று ஒரு பெயர் உடனே பிறந்துவிட்டது. கிணற்றில் அள்ள விடுவதா, விடுவதில்லையா என்று வீட்டுக்கு வீடு கதை நடந்தது. எங்கள் அம்மா கதைத்துக்கொண்டிருக்காமல் நேரே போய்க் கேட்டார். நானும் பின்னால் போனேன்.

"எவ்வளவு நாளைக்கு இருப்பியள்?"

"கோச்சி வருமட்டும் அக்கா" என்றார் றெஜினா அக்கா.

அம்மா சிரித்துவிட்டார். கோச்சி வராது என்று எல்லோருக்கும் தெரியும். "அப்ப எங்கடை கிணத்திலை அள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார். வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிந்து நுழையக்கூடிய அளவில். அதுவரை எங்கள் ஆடு போய்வந்த அந்த வழியால் அன்றிலிருந்து றெஜினா அக்கா வாளியோடு வந்துபோனார்.

சண்டை நெருங்கி, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்த நாட்களில் அவர்களும் எங்களோடு நடந்தார்கள். றெஜினா அக்காவின் மகள் டெல்சி அப்போது கைக்குழந்தை. மழை, சேறு, பாலத்தில் நகராத சனம். அம்மா ஓரிடத்தில் கால் சோர்ந்து இருந்துவிட்டார். "நாங்களும் அகதியாப் போனமடி" என்று விசும்பினார். றெஜினா அக்கா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "முதல் தரம் அப்பிடித்தான் இருக்கும். எழும்புங்கோ" என்று கையைப் பிடித்துத் தூக்கினார்.

திரும்பி வரலாம் என்றதும் அவர்கள் முதலில் வந்துவிட்டார்கள். அப்பா சுகமில்லாமல் கிடந்ததால் நாங்கள் வரச் சில வாரங்கள் பிந்தியது. வழி நெடுகிலும் கதவும் ஓடும் கழற்றப்பட்ட வீடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தோம். எங்கள் வீட்டுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று அம்மா முன்கூட்டியே அழுது முடித்திருந்தார். வந்து பார்த்தால் கதவு இருந்தது, ஜன்னல் இருந்தது, முற்றம் கூட்டியிருந்தது, அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. றெஜினா அக்கா எங்கள் விறாந்தையில் வந்து குடியிருந்து வீட்டைக் காத்திருக்கிறார். ஸ்டேசனில் அவர்களுடைய டிக்கற் அறையின் கூரையையோ அதற்குள் ஆரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா எவ்வளவோ மறித்தும் கேளாமல், சோற்றை வடித்து வைத்துவிட்டு, டெல்சியைத் தூக்கிக்கொண்டு அவர் அன்றைக்கே பொட்டால் வெளியேறினார்.

"இண்டைக்கு ஒரு நாளாவது நில்லன்" என்றார் அம்மா.

"வீட்டுக்காரர் வந்தாப் பிறகு நிண்டால் அது வேறை கதை அக்கா" என்றார் அவர்.

அந்தக் கூரைக்குச் சூசை அண்ணை தறப்பாள் கட்டினார், பிறகு தகரம் போட்டார். தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் ஏற்கெனவே பங்கர்களுக்குப் போயிருந்தன. பாதையில் கல் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தக் கல்லும் மெல்ல மெல்ல ஊரில் எழும்பிய வீடுகளின் அத்திவாரங்களுக்குள் போனது. கடைசியில் அது வெறும் மேடு; நாயுண்ணிப் பற்றைக்குள் ஒரு சைக்கிள் பாதை. அங்கால் இருந்த தோட்டக்காணிகள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. வெங்காயம் நின்ற இடத்தில் மாடிவீடு வந்தது, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வாடகை அறைகள் வந்தன, பிறகு குளிரூட்டி பூட்டிய கலியாண மண்டபம் ஒன்றும் வந்தது. எல்லோரும் வேலியைப் பிடுங்கி மதில் கட்டினார்கள். கடலுக்குப் போக முடியாத சூசை அண்ணை மேசன் வேலை பழகியிருந்தார். எங்கள் ஒழுங்கையின் பாதி மதில்கள் அவர் கட்டியவை.

எங்கள் பின்வேலிக்கும் முறை வந்தது. கனடாவிலிருந்து என் சொந்த அண்ணை காசு அனுப்பி, முழுக்க அடைத்துக் கட்டச் சொல்லியிருந்தார். சூசை அண்ணை இரண்டு பக்கத்தாலும் கட்டிக்கொண்டு வந்தார். பொட்டு இருந்த இடம் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார். அம்மா போய்ப் பார்த்தார்.

"உந்த இடத்தை உப்பிடியே விடும்" என்றார்.

"கனடாத் தம்பி கேட்டால்?"

"நான் சொல்லுறன்."

அண்ணை அடுத்த வருடம் வந்து, புது மதிலின் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு நின்ற இடைவெளியைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார். சீமெந்து முடிந்துபோச்சு என்றார் அம்மா. அண்ணை என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன்.

சண்டை முடிந்து சில வருடங்களில் கோச்சி உண்மையாகவே வந்தது. அதற்கு முன் அளவு நாடாவோடு ஆட்கள் வந்தார்கள், சுவரில் சிவப்பு மையால் அடையாளம் போட்டார்கள், பிறகு போகச் சொன்னார்கள். சூசை அண்ணை அப்போது இல்லை, நெஞ்சுவருத்தத்தில் போய்விட்டிருந்தார். மயிலிட்டிக் காணி இன்னும் இராணுவத்தின் கம்பிவேலிக்கு உள்ளேதான் கிடந்தது. றெஜினா அக்கா ஆரோடும் சண்டை பிடிக்கவில்லை. அயலில் உள்ளவர்கள் மறியல் இருக்கலாம் என்று யோசனை சொன்னபோது, "கோச்சி வருமட்டும் எண்டுதானே சொன்னனான்" என்றார். சுன்னாகப் பக்கம் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, டெல்சியோடு போனார். லாண்ட்மாஸ்டர் இழுவைப் பெட்டி ஒன்றில் சாமான்கள் பாதிக்குத்தான் நிறைந்தன.

கோச்சி ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஏறிப்பார்க்க வேண்டும் என்றார். ஸ்டேசனைப் பழைய சுவரோடு திருத்தி மஞ்சள் பூசியிருந்தார்கள். டிக்கற் ஜன்னலுக்கு முன் வரிசையில் நின்றோம். அவருடைய முறை வந்ததும் அவர் காசை நீட்டாமல் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்த இளம் உத்தியோகத்தர், "அம்மா, எங்கை போகவேணும்?" என்று இரண்டு தரம் கேட்டார்.

"யாழ்ப்பாணம்" என்றார் றெஜினா அக்கா. டிக்கற்றோடு திரும்பியபின் என்னிடம், "இந்தப் பக்கத்தாலை பாக்க அறை சின்னன் என்ன? நாங்கள் நாலு பேர் படுத்தனாங்கள்" என்றார்.

நாலு பேர் என்றால் நாலாவது ஆள் அவருடைய தாய். அந்த மனுசி அந்த அறையில்தான் இறந்தார். கோச்சியில் யாழ்ப்பாணம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம்தான் எடுத்தது. இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். அதற்குப் பிறகு அவர் கோச்சியில் ஏறியதாக நான் அறியவில்லை.

இராணுவம் மயிலிட்டிக் காணியை விட்டபோதும் நான் கூடப் போனேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் பற்றைதான். வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு கல்லாகத் தடவி அழுதுகொண்டிருந்தார்கள். டெல்சி, "எங்கை அம்மா எங்கடை வீடு?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியேல்லை."

"வடிவாப் பாருங்கோவன்."

"பாத்திட்டன். தெரியேல்லை பிள்ளை. தெரிஞ்ச மாதிரி அழச் சொல்லுறியே?"

கடைசியில் உறவுக்காரக் கிழவர் ஒருவர் வந்து, ஓர் இடத்தைக் காட்டி இதுதான் என்றார். "உவர் சொல்லுறார். அப்ப இதுதான்" என்று றெஜினா அக்கா அந்த இடத்தில் போய் நின்றார். அங்கேதான் பிறகு வீட்டுத்திட்டத்து வீடு எழும்பியது. கடல் இரைச்சலில் நித்திரை வருவதில்லை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். கடற்கரையில் பிறந்தவருக்கு அப்படி ஒரு வருத்தம்.

டெல்சி அழைத்த அன்று பின்னேரம் நான் அந்த வீட்டுக்குப் போனபோது பெட்டி வந்திருந்தது. பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாரே, அப்படித்தான் இருந்தது. எனக்குள் ஒன்றும் அசையவில்லை. கதிரையில் போய் இருந்தேன். டெல்சி ஒரு தாளும் பேனையும் கொண்டுவந்து, "நோட்டீஸ் அடிக்கக் குடுக்கவேணும். நீங்கள் எழுதித் தாங்கோ" என்றாள்.

நம் மரண அறிவித்தல்கள் எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் என்று எழுதினேன். வதிவிடமாகவும் என்ற சொல்லுக்கு முன்னால் கை நின்றுவிட்டது.

"மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் எண்டு போடு பிள்ளை" என்றார் சூசை அண்ணையின் தமையன். "அதுதானே வழமை."

"கொக்குவிலையும் போடவேணும்" என்றாள் டெல்சி.

"அது அகதியா இருந்த இடமெல்லோ. அதை ஏன் ஊருக்குச் சொல்லுவான்?"

"பெரியப்பா, நான் பிறந்த இடம் அது" என்றாள். குரல் உயரவில்லை. தாயின் குரலேதான். கொக்குவில் புகையிரத நிலையத்தை வதிவிடமாகவும் என்று நான் எழுதினேன். எழுதியதை அவள் வாங்கி ஒருமுறை வாசித்துவிட்டு, "ஓம், சரி" என்றாள்.

மறுநாள் அடக்கம் செய்யச் சேமக்காலைக்குப் போய் மண் போட்டுவிட்டு வந்தோம். மிஞ்சிய நோட்டீஸ்களில் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒட்டினேன். இப்போது அங்கே இருப்பவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. மாடிவீட்டில் புதிதாகக் குடிவந்த பெண் மோட்டார்சைக்கிளை நிறுத்தி வாசித்தாள்.

"ஆர் அன்ரி இவ? ஸ்டேசனிலை வேலை செய்தவவோ?"

"இல்லை. அங்கை இருந்தவ."

"வாடகைக்கோ?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. றெஜினா அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தத் தயக்கம்தான் என்று நினைக்கிறேன். ஓரிடத்தை என்ரை என்று சொல்வதற்கு முன் இப்போதெல்லாம் வாய் கொஞ்சம் நின்றுவிடுகிறது. அவர் ஒருநாளும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இருந்த இடங்களையெல்லாம் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார்.

"எங்கடை அயல்" என்றேன். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, நோட்டீஸின் ஒரு மூலை காற்றில் உரிந்து நின்றதை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனாள்.