குதிகாலில் ஒரு முடிச்சு

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ரயில் சென்ட்ரலை விட்டுப் புறப்பட்டது. ஆம்பூர் ஏறக்குறைய நூற்றெண்பது கிலோமீட்டர். இரண்டாம் வகுப்பு இருக்கைக்குத் தொண்ணூற்றைந்து ரூபாய். பையில் இரண்டு சட்டையும் தங்கைக்காக வாங்கிய ஒரு பொட்டலம் பக்கோடாவும் இருந்தன. தங்கை மகனிடம் பேசவேண்டிய பேச்சு பையில் இல்லை. பல ஊர்களில் பேசிப் பேசி அது எனக்கு மனப்பாடம்.

போர் வேண்டாம் என்று சொல்லித் திரியும் ஒரு சின்னக் கூட்டத்தில் நானும் ஒருவன். மாதம் ஒரு முறை கடற்கரையில் பதாகை பிடித்து நிற்போம். அன்றைக்குச் சுண்டல் விற்க வந்தவர்களின் எண்ணிக்கை எங்களைவிட அதிகமாகத்தான் இருக்கும். கல்லூரிகள் கூப்பிட்டால் போய்ப் பேசுவேன். பிள்ளைகள் கை தட்டிவிட்டுச் சாப்பாட்டு மணியைப் பார்ப்பார்கள். இந்த முறை என்னைக் கூப்பிட்டது கல்லூரி இல்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் என் தங்கை ஸ்டெல்லா கூப்பிட்டிருந்தாள்.

“ஊருக்கெல்லாம் பேசறியேண்ணா, உன் மருமகன்கிட்ட வந்து பேச மாட்டியா?” என்றாள் போனில். “ஞாயித்துக்கிழமை வேலூர்ல மிலிட்டரிக்கு ஆள் எடுக்கறாங்க. ஆல்பர்ட்டு எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணிட்டான். ஓட்டம்தான் பாக்கி. அவங்கப்பாவும் போய்ச் சேந்துட்டாரு. எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான்.”

அதனால்தான் இந்தப் பயணம். காட்பாடியில் கூட்டம் இறங்கிப் பெட்டி காலியானது. குடியாத்தம் தாண்டியதும் ஜன்னலோரம் பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. ஆம்பூர் வந்துவிட்டது என்பதைப் பலகைக்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். பதனிடும் தோலின் அந்த வாடை வெளியூர்க்காரனுக்குத்தான் வாடை, உள்ளூர்க்காரருக்குக் காற்று.

ஸ்டேஷனிலிருந்து தங்கை வீட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டியவர் நடுவயது பாய். ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“ஆர்டர் ரொம்ப கம்மி ஆயிட்ச்சு சார். மூணு மாசம் ஒரே பேஜார். கம்பெனி பஸ்ஸெல்லாம் காலியா ஓடிச்சு. இப்பதான் பூட் ஆர்டர் வந்துகீது. எங்கியோ சண்டையாம், இங்க அடுப்பு எரியுது. இன்னா பண்றது, அல்லாதான் மன்னிக்கணும்” என்று சொல்லிவிட்டு, பிரியாணி எந்தக் கடையில் சாப்பிட வேண்டும் என்பதையும் விளக்கினார். அவர் சொன்ன கடையில் சாப்பிட்டேன். சீரக சம்பா அரிசியும் கத்தரிக்காய்த் தொக்கும் அவர் சொன்னதற்குக் குறைவில்லாமல் இருந்தன.

மாலை ஆறு மணிக்கு ஸ்டெல்லாவை அழைத்துவர கம்பெனி வாசலுக்குப் போனேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க நூற்றுக்கணக்கான பெண்கள் வெளியே வந்தார்கள். ஆளாளுக்கு ஒரு டிபன் பை. ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து ஒட்டி முடித்த ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் வெறுங்கையை விட்டுத் தடவிப் பார்ப்பாள். ஆணி முனையோ, நூல் முடிச்சோ, பசைக் கட்டியோ விரலில் தட்டினால் அந்த ஜோடி திரும்பப் போகும். உணர்வு மழுங்கக் கூடாது என்று கையுறை போடுவதில்லை. இருபது வருடமாக இப்படி ஊரான் கால் போகும் இடத்துக்கெல்லாம் அவள் கை முன்னால் போயிருக்கிறது.

“போன வருசம் வரைக்கும் ஸ்கூல் ஷூண்ணா. இப்ப ரெண்டு மாசமா மிலிட்டரி பூட்ஸு. எந்த நாட்டுக்குன்னு பெட்டி மேல போட்றதில்ல, நம்பர்தான். அந்த ஊரு பட்டாளத்துக்காரங்க பெரிய ஆளா இருப்பாங்கன்னு நெனச்சேன். நாப்பது, நாப்பத்தொண்ணுன்னு எல்லாம் சின்ன கால்தான் வருது. இவன் சைஸு. கைய உள்ள வுட்டா இவன் கால்தான் ஞாபகம் வருது.”

“அந்த வேலை வேணாம்னு சொல்லக்கூடாதா?” என்று கேட்டேன். மேடைப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

“சொல்லிட்டு? மூணு மாசம் கம்பெனில லைன் நின்னப்ப யாரு வந்து கஞ்சி ஊத்துனாங்க?” என்றவள் சற்று நடந்துவிட்டுச் சொன்னாள்: “என்ன வுடுண்ணா. அவன மட்டும் நிறுத்து.”

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஆல்பர்ட் ஓடுவதைப் பார்க்கப் போனேன். நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருபது இளைஞர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் லாரிகள், வலது பக்கம் தோல் மண்டிகள். முன்னால் ஓடியவன் என் மருமகன். அழகாக ஓடினான். அந்த அழகைப் பார்த்துப் பெருமைப்பட்டேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஓடி முடித்து மதகின்மேல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மனப்பாடப் பேச்சை எடுத்தேன். துப்பாக்கி யாருக்கும் சோறு போட்டதில்லை என்றேன். எல்லையில் நிற்கிற இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பகை கிடையாது, பகை வேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறது என்றேன். அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, குறுக்கே பேசாமல் கேட்டான்.

“எதிர்ல நிக்கறவனும் உன்ன மாதிரி ஒரு பையன்தான்டா” என்று முடித்தேன். கல்லூரிகளில் இந்த இடத்தில் கை தட்டுவார்கள்.

“தெரியும் மாமா. அவனுக்கும் ஒரு மாமா இருப்பாருல்ல? அவரு போய் அவன மொதல்ல நிறுத்தட்டும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். பிறகு சிரிக்காமல் சொன்னான்: “நீங்க சொல்றது எதுவும் தப்பில்ல மாமா. டிகிரி முடிச்சுட்டு கம்பெனில கான்ட்ராக்ட்ல போனேன். ஆர்டர் இல்லன்னு மொதல்ல அனுப்புனது எங்களத்தான். அம்மா கையப் பாத்தீங்களா? பசையில தோல் உரியுது. நான் சம்பாரிச்சா அவங்க அந்த பூட்ஸுக்குள்ள கை வுட வேணாம். யாரையும் சுடணும்னு எனக்கு ஆசை இல்ல. வேற வேலை ஒண்ணு காட்டுங்க, இப்பவே ஷூவ கழட்டிட்றேன்.”

அவன் காத்திருந்தான். உண்மையாகவே காத்திருந்தான். என்னிடம் காட்ட வேலை எதுவும் இல்லை. அமைதியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்தவனுக்கு, ஒரு பையனுக்கு மாதச் சம்பளத்துக்கு வழி சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மதியம் மூன்று மணிக்கு அவன் வேலூருக்குக் கிளம்பவேண்டும். இரவு நண்பர்களோடு மைதானத்துக்குப் பக்கத்தில் தங்கி, விடிவதற்கு முன் வரிசையில் நிற்பதாக ஏற்பாடு. காலையில் ஓடியபோது ஷூவின் பின்பக்கம் வாய் பிளந்திருந்தது. பஜாரில் கொடுத்து நாற்பது ரூபாய்க்குத் தைத்து வாங்கி வாசலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

அன்றைக்கு லீவு போட்டிருந்த ஸ்டெல்லா ஷூவை எடுத்தாள். யோசித்து எடுக்கவில்லை, கைப்பழக்கம். வலது ஷூவுக்குள் விரல்களை விட்டாள். சரி என்று வைத்தாள். இடது ஷூவுக்குள் விட்ட கை குதிகால் பக்கம் நின்றது. திரும்பவும் தடவினாள். என்னைக் கூப்பிட்டு என் விரலையும் உள்ளே வைத்துக் காட்டினாள். நைலான் நூலின் முடிச்சு, அரிசி நொய் அளவுகூட இல்லை, முள்ளாகக் குத்தியது.

“ஆயிரத்தறநூறு மீட்டர் ஓடணும்ண்ணா. ரெண்டாவது ரவுண்ட்லயே தோல் உரிஞ்சிடும். அப்புறம் ஓட முடியாது” என்றாள் மெதுவாக.

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் அந்த ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் பேச்சால் ஆகாதது இந்த முடிச்சால் ஆகிவிடும். நான்தான் முதலில் வாய் திறந்தேன்.

“விட்டுடு ஸ்டெல்லா. தெரியாத மாதிரி வச்சிடு. வீட்லயே இருப்பான்.”

அவளுக்கும் அந்த ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு உள்ளே போய்ச் சின்னக் கத்திரிக்கோலை எடுத்து வந்தாள்.

“பெத்த புள்ளைய கால்ல குத்தியா நிறுத்துவாங்க? அப்புறம் நீ மேடையில பேசறதுதான் இன்னாண்ணா?”

ஷூவை வெளிச்சத்தில் பிடித்து, முடிச்சை ஒட்ட நறுக்கினாள். நூல் பிரிந்துவிடாமல் நுனியைத் தீக்குச்சியால் பொசுக்கினாள். ஆறியதும் மறுபடி கையை விட்டுத் தடவினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் தடவினாள். ஆல்பர்ட் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும், “போட்டுக்கோ, ஒண்ணும் குத்தாது” என்று அவன் காலடியில் வைத்தாள்.

நானும் அவனும் ஒரே பஸ்ஸில் வேலூர் போனோம். ஐம்பது கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். டிக்கெட்டை அவன்தான் எடுத்தான். நேரம் இருந்ததால் கோட்டை அகழியோரம் நடந்தோம். ஆயிரத்தெண்ணூற்று ஆறில், வெள்ளைக்காரன் கொடுத்த தோல் வைத்த தொப்பியை மாட்டமாட்டோம் என்று சிப்பாய்கள் மறுத்தது இங்கேதான் என்றேன். மறுத்ததோடு நிற்காமல் ஆயுதம் எடுத்தார்கள், இரண்டு பக்கமும் பிணம் விழுந்தது என்றேன். கடைசி முயற்சி அது. எனக்கே நம்பிக்கை இல்லை.

“மறுக்கறதுக்குக்கூட உள்ள ஒரு வேலையில இருக்கணும் மாமா” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நண்பர்கள் கை காட்டியதும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடினான். ஓடும்போது அந்த இடது ஷூவைத்தான் பார்த்தேன்.

காட்பாடிக்கு டவுன் பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலில் இரவு ஒன்பது மணிக்குச் சென்னையில் இறங்கினேன். என் தெருவில் ரயில் வாடை, சாக்கடை வாடை, பூக்கடை வாடை எல்லாம் உண்டு. தோல் வாடை கிடையாது. எங்கள் தெருவில் பட்டாளத்துக்குப் போனவர்களும் யாரும் இல்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. கடற்கரையில் பதாகை பிடித்து நிற்கும் எங்களில் ஒருவர் வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை அந்த வரிசையில் போய் நின்றதில்லை. போகவேண்டிய நிலைமை எங்கள் பிள்ளைகளுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் ஸ்டெல்லா கூப்பிட்டாள். கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாளாம். பின்னால் யாரோ மிக்ஸி ஓட்டும் சத்தம்.

“ஓட்டத்துல தேறிட்டாண்ணா. முன்னாடி வந்தவங்கள்ல ஒருத்தனாம்.”

“கால் எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“ஒரு கொப்புளம்கூட இல்லயாம்” என்றாள். “நான்தான் நல்லா பாத்து வெட்டுனேனே” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.