அண்ணையிடம் இல்லாத நிறம்

பக்கத்துத் தோட்டத்து அண்ணையை எனக்குப் பிடிக்கும். அவருடைய பூக்களைத்தான் பிடிக்காது. சுவிஸில், பேர்ண் நகரசபை வாடகைக்கு விடுகிற தோட்டங்களில் அவருக்கும் எனக்கும் ஒட்டினாற்போல் இரண்டு துண்டுகள். நடுவில் இடுப்பளவு கம்பிவேலி. இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தார், இரண்டு பேருக்கும் சமையலறை வேலை, இரண்டு பேரும் நடுவது கத்தரியும் பச்சைமிளகாயும் முளைக்கீரையும். ஆனால் அவர் பாதையோரமாக ஒரு வரிசை ஐரிஸ் பூக்கண்டு வைத்திருந்தார். மே மாதத்தில் அது பூத்தால் போகிற வருகிற சுவிஸ்காரர் எல்லாம் அவருடைய படலையில் நின்றுவிடுவார்கள். தோட்டச் சங்கத் தலைவர் என்னோடு கதைப்பதென்றால் என் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றித்தான் கதைப்பார். அண்ணையிடம் போனால் ஒரு போத்தல் பியர் முடியும்வரை நின்று சிரிப்பார்.

நானும் வேலை முடிந்து வந்து வேலியில் கை வைத்து நின்று பார்ப்பேன். ஊதா, மஞ்சள், வெள்ளையில் நீலக்கரை. "வடிவாயிருக்கு அண்ணை" என்பேன். வயிறு எரியும். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையும்போதும் எரியும். என் கத்தரிக்காயை ஒருவரும் நின்று பார்த்ததில்லை.

ஆரா நகருக்குப் பக்கத்தில் ஐரிஸ் வளர்ப்போர் சங்கம் ஒன்று கோடை முடிவில் நடுகிற கிழங்கு விற்பதாக வேலைத்தலத்தில் ஒருத்தி சொன்னாள். அண்ணையிடம் மூச்சுவிடாமல் ரயில் ஏறினேன். அவரிடம் இல்லாத ஒரு நிறம் வேண்டும், ஒரே ஒரு கிழங்கு போதும் என்றுதான் போனேன்.

ஊர் மண்டபத்தில் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். கிழங்குகள் பார்வைக்கு இஞ்சிதான். இலைகளை விசிறி போல வெட்டி, இலையிலேயே பேனையால் பெயர் எழுதியிருந்தார்கள். பின்னால் பூவின் படம். கதவு திறந்ததும் நரைத்த தலைகள் எல்லாம் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தைக் கண்டபோது, இந்த எரிச்சலில் நான் தனி ஆள் இல்லை என்று ஆறுதலாக இருந்தது. நானும் முழங்கையால் இடித்துக்கொண்டு புகுந்தேன்.

கறுப்பு இருந்தது. நன்றாகப் பழுத்த நாவற்பழக் கறுப்பு, நடுவில் மட்டும் கொஞ்சம் துருநிறம். அதை எடுத்துக்கொண்டு நேரே காசு கட்டப் போயிருக்கலாம். ஆனால் பக்கத்தில் செம்புநிறம் இருந்தது. அதுவும் அண்ணையிடம் இல்லை. அதற்கடுத்த ரோஸ் நிறமும் இல்லை. அண்ணையிடம் எத்தனை நிறங்கள் இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கவே இரண்டு கடை ஏறி இறங்குகிற நான், விலையைப் பார்க்காமல் அள்ளினேன். காசு வாங்கிய அம்மா, இவ்வளவுக்கும் இடம் இருக்கிறதா என்று கேட்டார். நிறைய இருக்கிறது என்றேன். சுத்தப் பொய். ஒன்றுக்கும் உதவாத ஒரு பொருளுக்குக் காசை இறைப்பதில் இப்படியொரு சுகம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரயிலில் இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தபடி வந்தேன்.

வீட்டில் மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"இஞ்சியோ?"

"பூக்கண்டு."

"கோயிலுக்குக் குடுக்கலாமோ?"

"இல்லை."

"கறிக்கு?"

"இல்லையப்பா."

"அப்ப அண்ணைக்கு எரிச்சல் குடுக்கத்தான்" என்று மூடிவைத்தாள்.

கத்தரிப் பாத்தியில் பாதியை அழித்து நட்டேன். முதல் வருடம் வெறும் இலை. அடுத்த வருடம் கறுப்பு மொட்டு விட்டது. உடனே எனக்குப் பயம் பிடித்தது. எரிகிற கண் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியாதா? ஊரில் தோட்டத்துக்குக் கண்ணூறு படாமல் கரிச்சட்டியில் சுண்ணாம்புப் புள்ளி வைத்துக் கட்டுவார்கள். நான் பொரிக்கிற பழைய தாச்சி ஒன்றில் வெள்ளைப் பெயின்ற் புள்ளி வைத்துத் தடியில் மாட்டினேன். தலைவர் என்னவென்று கேட்டார். குருவி விரட்ட என்றேன்.

பூ விரிந்தது. சனம் நின்றது. தலைவரும் நின்றார், குழாயைப் பற்றிக் கதைக்கவில்லை. நான் அண்ணையின் பக்கம் திரும்பாமல் என் பூவோடேயே நின்றேன். யாருக்காக இத்தனையும் வாங்கினேனோ அவர் மட்டும் வரவில்லை. ஒரு கிழமை கழித்துத்தான் என் படலையைத் திறந்துகொண்டு வந்தார். பூவுக்கு முன்னால் குந்தினார். நான் அவருடைய முகத்தையே பார்த்தேன். ஒரு சுளிப்பு வந்தாலும் போதும் என்றிருந்தது.

"என்ன வடிவு, தம்பி" என்றார், மெய்யாகவே. பிறகு நிமிர்ந்து பார்த்தார். "தாச்சி எனக்கோ?"

"சீச்சீ, குருவிக்கு அண்ணை."

"கண்ணூறெல்லாம் பொய், ஐசே. எத்தினை வருசமா நீர் என்ரை பூவைப் பாக்கிறீர். ஏதும் வாடினதோ?"

மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"மற்றவை வருவினம், படம் எடுப்பினம், போவினம். நீர் ஒராள்தான் நிண்டு பாப்பீர். களைச்சு வந்தாலும் உமக்குக் காட்டவேணும் எண்டுதான் தண்ணி விடுறனான். இந்தமுறை நீர் வேலியடிக்கே வரேல்லை." மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "ஒருக்கா வாருமன். முடியப் போகுது."

போனேன். அவருடைய பூக்களை வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பது எனக்கு அதுவே முதல் தடவை. ஊதாவுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் புதிதாக ஒன்று நின்றது. வெண்கல நிறம், இதழோரம் பொன்கரை. நான் அள்ளிக்கொண்டு வந்ததில் அப்படியொன்று இல்லை. போன வருடம் அதே விற்பனைக்குப் போய், எனக்குக் காட்டவென்று விலை பாராமல் வாங்கினாராம். வயிறு எரிந்தது, என்றைக்கும் இல்லாத எரிவு. பக்கத்தில் அண்ணை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நன்றாகப் பார்க்கட்டும் என்று நான் முகத்தைத் திருப்பாமல் நின்றேன்.