ஊருக்கு அனுப்பி வைக்கிறவன்

வெளிநாட்டிலிருந்து வருகிறவனிடம் கம்பம் பக்கத்தில் முதலில் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். பெட்டி எத்தனை, கையில் என்ன கடிகாரம், அதற்கப்புறம்தான் முகம். முஜிபுர் ரஹ்மான் வந்தால் மட்டும் பார்வை வேறு மாதிரி இருக்கும். "பொணம் அனுப்புற முஜிபு வந்திருக்கான்" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அதில் மரியாதையும் உண்டு, லேசான அருவருப்பும் உண்டு. அவனுக்குக் கை கொடுத்துவிட்டுக் கைலியில் துடைத்துக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். நம் ஆட்களுக்கு உதவி வேண்டும், உதவி செய்த கை வேண்டாம்.

1996-ல் தமாமுக்குப் போனபோது அவனுக்கு இருபத்துநான்கு வயது. காய்கறி மொத்த வியாபாரம் செய்த ஒரு அரபியிடம் வேன் ஓட்டும் வேலை. விடிவதற்கு முன்பே மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றினால், மத்தியானம் வரை கடை கடையாக இறக்க வேண்டும். எட்டுப் பேர் படுக்கிற அறையில் இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டு அவனுடையது. ஏசி ஓடினால் எலும்பு வரை குளிரும், நின்றால் இட்லிச் சட்டிக்குள் இருப்பது போல் வேகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு, சமைத்து, துவைத்து, ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் சனிக்கிழமை வந்து நிற்கும். வெளிநாட்டு வாழ்க்கை என்பது இவ்வளவுதான். இங்கே கேட்டால் என்னமோ சொர்க்கத்தில் இருக்கிற மாதிரி சொல்வார்கள்.

இரண்டாம் வருடம், கீழ்த்தட்டில் படுத்திருந்த ஆந்திராக்காரர் ஒருவர் காலையில் எழுந்திருக்கவில்லை. எந்த ஆபீசுக்கு முதலில் போவது என்று அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. போலீஸ் காகிதம் வேண்டும், கம்பெனிக் கடிதம் வேண்டும், தூதரக முத்திரை வேண்டும், வீட்டாரின் சம்மதம் வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் மற்றதை முதலில் கொண்டுவா என்றார்கள். அறுபத்து மூன்று நாள் அந்த மனிதர் பிணவறையில் கிடந்தார். வேன் ஓட்டியதால் முஜிபுக்குத் தெரு தெரியும், அரபி கொஞ்சம் வரும், குமுளிப் பக்கம் போய்வந்த பழக்கத்தில் மலையாளமும் வரும். கடைசியில் அவன்தான் அலைந்து அனுப்பி வைத்தான். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் எந்தத் தமிழன் இறந்தாலும் "முஜிபுகிட்ட சொல்லு" என்று ஆகிவிட்டது. மத்தியானம் வேனை நிறுத்தியதும் காகிதப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். மூன்று வருடத்துக்குள் பத்தொன்பது பேர். ஒருத்தரிடமும் டீ கூட வாங்கிக் குடித்ததில்லை.

இதில் அலைச்சலைவிடக் கஷ்டம், வீட்டுக்குப் போன் செய்வது. நம் பக்கத்தில் சாவை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் முடியலை, பொறப்பட்டு வாங்க" என்றுதான் சொல்வார்கள். கேட்கிறவன் பாதி புரிந்துகொண்டு பஸ் ஏறுவான், மீதியைத் தெருமுனையில் போட்டிருக்கிற பந்தல் சொல்லிவிடும். இதைத்தான் முஜிபு மூன்று தவணையாகச் செய்தான். முதல் நாள், "லேசா அடிபட்டிருக்கு, உசுருக்கு ஒண்ணுமில்ல." மறுநாள், "கொஞ்சம் சீரியஸ்தான், தைரியமா இருங்க." மூன்றாம் நாள் வீட்டு ஆண்பிள்ளை யாரையாவது கூப்பிட்டு உண்மையை உடைப்பான். இப்படிச் சொல்வதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அவனுக்கு ஒரு பெருமை. பொய் சொல்கிறோம் என்று அவன் நினைத்ததே இல்லை, நாசூக்கு என்றே நினைத்தான்.

இந்தப் பெருமையை அவன் சொல்லிக்கொண்டது ஒரே ஒருவரிடம்தான், அக்கா அம்சத் பீவியிடம். தம்பி தௌபீக் பிறந்த வாரமே அம்மா போய்விட்டாள், மறுவருடம் அத்தாவும் போனார். மூத்தவளான அக்காதான் இரண்டு பேரையும் தூக்கி வளர்த்தது. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் இரண்டே வருடத்தில் காய்ச்சலில் இறந்ததும் வீட்டுக்கே திரும்பி வந்து, ஏலக்காய் கோடவுனில் காய் தரம் பிரித்து இவர்களுக்குச் சோறு போட்டது. பக்கத்தில் போய் நின்றால் ஏலக்காய் வாசம் அடிக்கும். வெள்ளிக்கிழமை தோறும் எஸ்.டி.டி. பூத்தில் வந்து உட்கார்ந்து அவன் போனுக்காகக் காத்திருக்கும். "இந்த வாரம் யாரைடா அனுப்பி வச்ச?" என்றுதான் முதலில் கேட்கும். அவன் சொல்லச் சொல்ல, பூத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி "அல்லா ஒனக்குக் கூலி குடுப்பான்" என்று சொல்லும். அடுத்த லீவில் அவனுக்கு நிக்காஹ் வைக்க உத்தமபாளையத்தில் பெண்ணும் பார்த்து வைத்திருந்தது.

2000-ம் வருடம் பிப்ரவரி. ஜெயமங்கலத்துக்காரர் ராஜமணி சாரத்திலிருந்து விழுந்து இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவருடைய காகிதங்களோடு முஜிபு அலைந்துகொண்டிருந்தபோது, அறைக்குக் கீழே இருந்த மளிகைக் கடைக்குப் போன் வந்தது. பேசியது தௌபீக்.

"அண்ணே, அக்காவுக்கு கொஞ்சம் முடியலண்ணே. தேனியில சேத்திருக்கு. உசுருக்கு ஒண்ணுமில்ல. நீ ஒடனே பொறப்பட்டு வா."

'உசுருக்கு ஒண்ணுமில்ல' என்பது முஜிபு சொல்கிற வார்த்தை. எழுத்து மாறாமல் அப்படியே அவனுடைய முதல் தவணை. கடைக்காரன் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். ஊரில் இப்போது சாயங்கால அசர் தொழுகை முடிந்திருக்கும். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, இருட்டுவதற்குள் அடக்கம் செய்துவிடுவார்கள். பாஸ்போர்ட் வாங்கி, விமானம் பிடித்து, எப்படிப் பறந்தாலும் மண்மேட்டைத்தான் பார்க்க முடியும். சின்னப் பையன், இன்னும் இரண்டு தடவை போன் செய்து பொய் சொல்லி அழ வேண்டுமே என்று தம்பியின் மேல் இரக்கம் வந்தது.

"நான் வந்து என்னடா செய்யப்போறேன்? நீயே பக்கத்துல இருந்து எல்லாத்தையும் பாத்துக்க" என்றான்.

தௌபீக் "சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

அன்று மாலை பள்ளிவாசலில் இமாமிடம் சொல்லி, தூரத்தில் இறந்தவர்களுக்காகத் தொழுகிற ஜனாஸா தொழுகையைத் தொழுதான். பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். அக்கா உயிரோடு இருக்கும்போதே அக்காவுக்கு ஜனாஸா தொழுதான் என்பதை இப்போது எழுதவே கை கூசுகிறது. அவனுக்கு அது தெரியாது.

அறைக்காரர்கள் போய்ச் சொல்லி, மூன்றாம் நாள் அரபியே பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். ஒரு மாதம் இருந்துவிட்டு வா என்றார். ராஜமணிக்கு இன்னும் ஒரு முத்திரை பாக்கி இருக்கிறது, அவரோடு சேர்ந்தே போகிறேன் என்று முஜிபு சொல்லிவிட்டான். எல்லோரும் மெச்சினார்கள். உண்மை வேறு. அக்கா இல்லாத வீட்டுக்குள் நுழைய அவனுக்குப் பயமாக இருந்தது. ராஜமணி அவனுக்கு ஒரு சாக்கு. இடையில் இரண்டு தடவை "ஊர்ல இருந்து போன்" என்று கீழே இருந்து கடைக்காரன் கத்தினான். வெளியே போயிருப்பதாகச் சொல்லச் சொன்னான். இரண்டாம் தவணையும் மூன்றாம் தவணையும் என்னவென்று அவனுக்குத் தெரியாதா?

பத்தாம் நாள் விடிவதற்கு வெகுமுன்பே கொச்சியில் இறங்கி, ராஜமணியின் பெட்டியோடு ஆம்புலன்சில் ஏறினான். பீர்மேடு தாண்டி, குமுளி இறக்கத்தில் கீழே பள்ளத்தாக்கு பச்சையாகத் தெரிந்தது. கம்பத்துக்குள் வண்டி நுழைந்தபோது, "சேட்டா, வீடு இவிடெ அல்லே? நிறுத்தணோ?" என்று டிரைவர் கேட்டான். வேண்டாம், போ என்றான். தேனியைக் கடந்தார்கள். பெரியகுளம் ரோட்டில் திரும்பி ஜெயமங்கலம் சேர்ந்தபோது பொழுது உச்சிக்கு வந்திருந்தது.

ராஜமணியின் மனைவி அக்கம்மாள் பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். எல்லாம் முடிந்து அவன் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள்.

"நீங்க மொத நா போன் பண்ணும்போதே எனக்குத் தெரியும்ணே. லேசா அடிபட்டிருக்குன்னு சொன்னீக. அப்பவே தெரிஞ்சு போச்சு. அதுக்கப்பறம் நீங்க பேசினதெல்லாம் சும்மா கேட்டுக்கிட்டு இருந்தேன்."

முஜிபு தலையை ஆட்டினான். தானும் தம்பியின் போனை அப்படித்தான் கேட்டோம் என்று நினைத்துக்கொண்டான். பஸ் பிடித்துக் கம்பத்துக்கு வந்தான்.

தெருவில் நுழைந்ததும் பந்தல் இன்னும் பிரிக்காமல் நின்றது. வாடகை நாற்காலிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. பத்து நாளாகியும் எடுக்காமல் வைத்திருக்கிறார்களே என்று நினைத்தான். எதிர்வீட்டு நூர் முகம்மது பாய் அவனைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நா முன்னாடி வந்திருக்கக் கூடாதாப்பா? நேத்து அசருக்குத்தான் அடக்கம் பண்ணினோம்."

"நேத்தா?" என்றான் முஜிபு.

"நேத்து வெள்ளன சுபுஹு நேரத்துக்கு மவுத்தானாக. ஒம்பது நா கெடந்தாக. நுரையீரல்ல நீர் கோத்துருச்சாம். கடேசி நா வரைக்கும் நல்லா நெனவோடதான் பேசிக்கிட்டு இருந்தாக."

முஜிபு அப்படியே நாற்காலி அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். தௌபீக் வீட்டுக்குள்ளிருந்து வந்து வாசலில் நின்று அவனைப் பார்த்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை. பின்பக்கமாகப் போய்விட்டான். கூடப்பிறந்தவள் சாகக் கிடக்கிறாள் என்று சொல்லியும் வர மாட்டேன் என்ற அண்ணனிடம் அவன் வேறு எப்படி இருப்பான்? முஜிபு இரண்டு நாள் இருந்தான். அக்காவின் கபர் மேட்டருகே போய் நின்றான். அக்கா அன்றைக்கே செத்துவிட்டது என்று நினைத்தேன் என்று தம்பியிடம் சொல்ல வாய் வரவில்லை. உயிரோடு இருந்தவளை இவனே மண்ணில் போட்டுவிட்டான், அதை எந்த வாயால் சொல்வான்?

அதற்குப் பிறகு அவன் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. தமாமை விட்டுவிட்டுக் கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் புரோட்டா போட்டான். சுனாமி வந்தபோது அங்கிருந்த பள்ளிவாசல் ஆட்களோடு இந்தோனேசியாவில் அச்சே பக்கம் போய், நாற்பது நாள் சேற்றிலிருந்து உடல்களைத் தூக்கினான். அங்கே யாருக்கும் போன் செய்ய வேண்டியிருக்கவில்லை. போனை எடுக்க வீட்டில் ஆளும் இல்லை, வீடும் இல்லை. கேவலமாகத்தான் இருந்தது, ஆனாலும் அந்த ஒன்றில் அவனுக்கு நிம்மதி. பிறகு மஸ்கட்டில் மறுபடியும் வேன், மறுபடியும் மத்தியானக் காகிதப் பை. உத்தமபாளையத்துப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிக்காஹ் ஆனது. இவனுக்குப் பெண் பார்க்க அப்புறம் ஆளில்லை.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. தவணையெல்லாம் போய்விட்டது. போனை எடுத்த ஆளிடம் முதல் வார்த்தையிலேயே "இறந்துட்டாரும்மா" என்று சொல்லிவிடுவான். மஸ்கட்டில் இறந்துபோன வேல்பாண்டி என்கிறவரின் தாய், குச்சனூர் பஞ்சம்மாள், "ஒன் வாயில புழு வைக்க" என்று சபித்தாள். முஜிபு போனை வைக்காமல் முழுவதும் கேட்டான். இன்னும் நாலு வார்த்தை திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

2010 ஆகஸ்டில் தௌபீக்கின் மனைவி ஷர்மின் மஸ்கட்டுக்குப் போன் செய்தாள். பத்து வருடத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் போன்.

"மச்சான், அவுகளுக்கு லேசா நெஞ்சு வலி. தேனியில சேத்திருக்கோம். பயப்பட ஒண்ணுமில்ல. முடிஞ்சா வந்துட்டுப் போங்க."

உயிரோடு இருக்கிறானா என்று கேட்க நாக்கு வரை வந்தது. வேனை ரோட்டோரம் நிறுத்திச் சாவியைக் கூட வந்தவனிடம் கொடுத்தான். மறுநாள் காலை பத்து மணிக்குத் தேனியில் அந்த ஆஸ்பத்திரியின் மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தான்.

தௌபீக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். முன்தலை வழுக்கை. ஷர்மின் மாத்திரை வாங்க வேண்டும் என்று கீழே போய்விட்டாள். தௌபீக் கையைக் கழுவித் துடைத்து, மெதுவாகப் பேசினான்.

"எனக்கு வந்துட்ட."

"ஷர்மின் போன் பண்ணுச்சு."

"அன்னைக்கு நானுந்தான் போன் பண்ணேன்."

முஜிபு பத்து வருடம் விழுங்கி வைத்திருந்ததைச் சொன்னான். "அக்கா மவுத்தாயிருச்சுன்னு நெனச்சேன்டா."

"உசுருக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேனே."

"நானும் பத்தொம்பது வீட்டுக்கு அப்பிடித்தான்டா சொல்லியிருக்கேன்."

தௌபீக்கின் கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, முகம் திடீரென்று கிழடு தட்டிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் பேசினான்.

"நீ வரலைன்னு சொன்னத நான் அக்காகிட்ட சொல்லலண்ணே. வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன். ஒம்பது நாளும் அதையேதான் சொன்னேன். நம்புச்சு. கடேசி நா அங்க இருந்த நர்சுகிட்ட சொல்லிக்கிட்டு இருந்துச்சு. 'யாரு யாரோ செத்தவகளையெல்லாம் அவுகவுக வீட்டுல கொண்டாந்து சேத்துருவான் எந்தம்பி. உசுரோட இருக்கவன், அவன் வந்து சேர மாட்டானா'ன்னு."

முஜிபு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரச் சொல்ல வேண்டும் என்று தௌபீக்குக்கும் தோன்றவில்லை.